கவின்கலைக் கல்லூரியில் டிசைன் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவின்கலைக் கல்லூரி என்றால் ஓவியமும் சிற்பமும்தானே? டிசைனுக்கு அங்கே என்ன வேலை?

தொடக்கமே டிசைன்தான். சென்னை பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். மண்பாண்டம், அச்சுக்கான மரச்செதுக்கு, உலோக வேலை என்று கைத்தொழிலுக்கு ஆள் தயாரிப்பதே அன்றைய நோக்கம். நம் வீட்டு அலுமினியப் பாத்திரங்களுக்கும் அந்த வளாகத்தோடு தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் பொறுப்பில் இருந்தபோது அங்கே அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார்கள், அது பிறகு தனித் தொழிலாகவே வளர்ந்தது. தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில்தான் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்து, கல்லூரியின் பெயரும் அவற்றோடு ஒட்டிக்கொண்டது.

இன்று ஓவியம், சிற்பம், பதிப்போவியம் (பிரிண்ட்மேக்கிங்) ஆகியவற்றோடு காட்சித் தொடர்பு வடிவமைப்பு, துணி வடிவமைப்பு, சுடுமண் (செராமிக்) வடிவமைப்பு ஆகியவையும் நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) படிப்பாக அங்கே உள்ளன. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பட்டம் தருவது 2013இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம்.

விஸ்காம் படிப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெயர்க் குழப்பத்தில் தவறான படிப்பில் போய்ச் சேருகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கலை அறிவியல் கல்லூரிகளில் இருக்கும் பி.எஸ்ஸி. விஷுவல் கம்யூனிகேஷன் மூன்று ஆண்டுப் படிப்பு. புகைப்படம், வீடியோ, விளம்பரம், பத்திரிகை என ஊடகத்துறை முழுவதையும் தொட்டுப் போகும். கவின்கலைக் கல்லூரியின் காட்சித் தொடர்பு வடிவமைப்பு நான்கு ஆண்டு. வரைதல், எழுத்துரு, லேஅவுட், போஸ்டர், பேக்கேஜிங் என்று கைவேலையில் ஊன்றி நிற்கும். கேமராவும் எடிட்டிங்கும் பிடித்தவர் முதலாவதற்குப் போகலாம். வெள்ளைத்தாளில் ஒரு எழுத்தை எங்கே வைப்பது என்று அரை மணி நேரம் யோசிக்கப் பிடித்தவருக்கு இரண்டாவது.

ஐஐடி, என்ஐடி, நிஃப்ட் தரும் பி.டெஸ். (வடிவமைப்பு இளங்கலை) இதைவிட மேலா?

அகமதாபாத் என்ஐடி (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம், 1961), தரமணி நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்), ஐஐடிகளின் வடிவமைப்புத் துறைகள் ஆகியவற்றில் ஆய்வு, பயனாளரைப் புரிந்துகொள்வது, முன்மாதிரி செய்து சோதிப்பது ஆகியவற்றுக்கு அதிக நேரம் தருவார்கள். நிறுவனங்களும் வளாகத்துக்கே ஆளெடுக்க வருகின்றன. கட்டணமும் அதற்கேற்ப அதிகம். அரசு கவின்கலைக் கல்லூரியில் செலவு மிகக் குறைவு, கை பழகுவதற்குக் கிடைக்கும் நேரம் அதிகம்.

ஐஐடிகளில் பி.டெஸ். சேர யூசீட் (UCEED) என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முதல் பகுதி கணினியில் இரண்டு மணி நேரம், இரண்டாவது வரைதல் ஒரு மணி நேரம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுதலாம் என்பதால், ‘சும்மா எழுதிப் பார்க்கிறேன்’ என்று ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். எங்கள் யோசனை, பி.டெஸ். நுழைவுத் தேர்வையும் கவின்கலைக் கல்லூரிச் செய்முறைத் தேர்வையும் ஒரே ஆண்டில் எழுதுங்கள். வரைதல் பயிற்சி இரண்டுக்கும் பொது.

பன்னிரண்டாம் வகுப்பில் எந்த குரூப் எடுக்க வேண்டும்?

எதுவாக இருந்தாலும் சரி. கவின்கலைக்கு அது தடையில்லை. வயது வரம்பு உண்டு, அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

செய்முறைத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

கவின்கலைக் கல்லூரித் தேர்வுகளில் பொதுவாகக் கேட்பது மூன்று: எதிரே வைத்த பொருட்களைப் பார்த்து வரைவது, கொடுத்த தலைப்பில் நினைவிலிருந்து காட்சி அமைப்பது, வண்ணத்தில் ஒரு அலங்கார வடிவம் செய்வது. ஆறு மாதம், தினமும் ஒன்றரை மணி நேரம் போதும். ஞாயிறு மட்டும் ஆறு மணி நேரம் உட்காருவது வேலைக்காகாது, வரைகிற கைக்கு இடைவெளி ஆகாது.

பொருள் வரைவதில் பெரும்பாலோர் சறுக்குவது குடத்தில்தான். மேசைமேல் குடம் இருக்கிறது, கண்மட்டத்துக்குக் கீழே. அதன் வாய் ஒரு நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பாகம் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் அங்குள்ள வளைவு வாயைவிட அகலமாகத் திறந்திருக்க வேண்டும். மாணவர்கள் செய்வது நேர் எதிர். வாயைப் பெரிய வட்டமாகத் திறந்து வைத்துவிட்டு, குடம் தட்டையான மேசையில் இருக்கிறதே என்று அடியில் நேர்கோடு போட்டுவிடுவார்கள். குடம் பாதி மேலிருந்தும் பாதி பக்கத்திலிருந்தும் பார்த்ததுபோல் ஆகிவிடும். நீள்வட்டத்தின் இரு முனைகளைக் கூராக முடிப்பது இன்னொரு பிழை, குடத்தின் வாய் மீன்வாய் ஆகும். முதலில் நடுவில் ஒரு செங்குத்து அச்சு போடுங்கள். வாய், கழுத்து, வயிறு, அடி நான்குக்கும் முழு நீள்வட்டம் வரையுங்கள், பின்பக்கம் தெரியாவிட்டாலும் வரைந்து பிறகு அழித்துவிடுங்கள். வீட்டில் உள்ள குடம், சொம்பு, டம்ளர், பக்கெட் ஆகியவற்றையே நாற்பது முறை இப்படி வரைந்தால் தேர்வு அறையில் எதை வைத்தாலும் கை நடுங்காது.

தாளின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு வரைவதும் மதிப்பெண்ணைத் தின்னும். தாளில் முக்கால் பங்காவது நிறைய வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வில் முதல் பத்து நிமிடம் தீப்பெட்டி அளவில் நான்கு சிறு அமைப்புகள் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, பிறகு பெரிய தாளுக்குப் போங்கள். நிழலுக்கு ஒரு மணி நேரமாவது மிச்சம் வையுங்கள்.

நினைவுக் காட்சிக்கு ‘பேருந்து நிலையம்’, ‘சந்தை’, ‘பொங்கல்’ போன்ற தலைப்புகள் வரும். எல்லாரும் சூரியன், கரும்பு, பானை என்று போடுவார்கள். பேருந்து நிலையத்தில் பூ கட்டுகிறவர் எப்படிச் சம்மணம் போட்டிருக்கிறார், கண்டக்டர் எப்படிச் சாய்ந்து நிற்கிறார் என்பதை நேரில் போய் இரண்டு நிமிடக் கோட்டோவியமாக வரைந்து பழகியவரின் தாள் தனியாகத் தெரியும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்கள், பிளேடு, மெல்லிய ரப்பர், கிளிப்போடு வரைபலகை, ஏ3 கார்ட்ரிட்ஜ் தாள், 12 நிற போஸ்டர் கலர், வட்ட பிரஷ் 2, 6, தட்டை பிரஷ் ஒன்று. பென்சிலை ஷார்ப்னரில் சீவாமல் பிளேடால் நீளமாகச் சீவுங்கள். சாய்த்துப் பிடித்து நிழல் போட அந்த நீளம் வேண்டும்.

போஸ்டர் கலரைக் குழைத்த தயிர்ப் பதத்தில் கலக்க வேண்டும். மோர் போல நீர்த்தால் திட்டுத்திட்டாகக் காயும், கெட்டியானால் காய்ந்து வெடிக்கும். ஒரு நிறத்துக்குத் தேவையானதை மொத்தமாக ஒரே தடவையில் கலந்துவிடுங்கள், பாதியில் தீர்ந்தால் அதே நிறம் திரும்ப வராது.

எந்தப் பிரிவுக்கு வேலை வாய்ப்பு அதிகம்?

எண்ணிக்கையில் பார்த்தால் காட்சித் தொடர்பு வடிவமைப்புக்கு. விளம்பர நிறுவனம், பதிப்பகம், பேக்கேஜிங், மென்பொருள் நிறுவனம் என்று பல வாசல். அதே அளவுக்குக் கூட்டமும் இருக்கிறது.

துணி வடிவமைப்பைப் பலர் இரண்டாம் விருப்பமாகத்தான் எழுதுகிறார்கள், எங்களுக்கு அது வியப்பே. திருப்பூர், ஈரோடு, கரூர், காஞ்சிபுரம் என்று வேலை செய்யும் ஊர்களே நம் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே கேட்பது அழகான படம் மட்டுமல்ல, இயந்திரத்துக்குப் பொருந்தும் படம். துணியில் அச்சிடும் ரோட்டரி ஸ்கிரீன் உருளையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ. உங்கள் வடிவம் மேலிருந்து கீழே 64, 32, 16 என்று அதில் மீதியின்றி வகுபட வேண்டும். 30 செ.மீ.க்கு வரைந்து கொண்டுபோனால் உருளை சுற்றி வரும் இடத்தில் பூ பாதியில் வெட்டுப்படும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை என்பதால், பதினான்கு நிறத்தில் வரைந்ததை எட்டுக்குக் குறைக்கத் தெரிந்தவருக்கு மரியாதை. டிஜிட்டல் அச்சில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் எல்லா ஆர்டரும் டிஜிட்டலில் போவதில்லை.

சுடுமண் பிரிவில் சேர்பவர்கள் குறைவு. சம்பள வேலையைவிடச் சொந்தப் பட்டறைதான் வழி, பக்கத்துப் புதுச்சேரியில் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைச் சுற்றி அப்படிப் பல பட்டறைகள் உருவாகியிருக்கின்றன. அளவில் கவனம் வேண்டும். மண் காய்ந்து சுடும்போது 12 சதவீதம் சுருங்கும் என்றால், 10 செ.மீ. கோப்பைக்கு 11.4 செ.மீ.யில் வனைய வேண்டும். ஈரம் முழுவதும் போகாமல் சூட்டை ஏற்றினால் உள்ளே நீராவி கட்டி உலைக்குள்ளேயே வெடிக்கும், பக்கத்தில் இருப்பவரின் பாண்டத்தையும் சேர்த்து.

முதல் ஆண்டிலேயே லேப்டாப் வேண்டுமா?

வேண்டாம். முதல் ஆண்டு எல்லாருக்கும் பொதுவான அடிப்படைதான்: கோடு, நிழல், வண்ணம், உருவம், களிமண். இரண்டாம் ஆண்டு வாங்கினால் போதும். 16 ஜிபி ராம், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரை இருக்கட்டும். விளையாட்டுக்கான விலை உயர்ந்த மாடல்கள் தேவையில்லை.

இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா, ஸ்கிரைபஸ், பிளெண்டர் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்கள் எல்லாம் இலவசம். வேலைக்குப் போகும் இடத்தில் அடோபி மென்பொருள்களையே பெரும்பாலும் கேட்பார்கள் என்பதால் கடைசி இரண்டு ஆண்டில் அவற்றைப் பழகிக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் கையைப் பழக்கும். கணினிக் கோப்பை (ஃபைல்) ஒழுங்காகத் தயாரிக்கப் பழகுவது பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. படித்து முடித்தவர்கள் முதல் வேலையில் திணறுவது வரையத் தெரியாமல் அல்ல, கோப்பு கொடுக்கத் தெரியாமல். அடுத்த இரண்டு பதில்கள் நீளமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் தட்டினால் எழுத்து உடைகிறது. ஏன்?

‘கொடி’ என்று தட்டுகிறீர்கள். யூனிகோடில் அது க, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. அடோபியின் வழக்கமான எழுத்துக்கோப்பு முறைக்கு (கம்போசர்) அது தெரியாது. அதனால் கொம்பு, க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

இன்டிசைனில் பத்திப் பலக (பாராகிராஃப் பேனல்) மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் விருப்பத்தேர்வுகளில் (பிரிஃபரன்சஸ்) ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ இயக்குங்கள், பிறகு பத்திப் பலக மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் ‘டைப்’ பகுதியில் அதற்கான தேர்வு உண்டு. இங்க்ஸ்கேப்பில் இந்தப் பிரச்சினையே வராது. பல டிடிபி கடைகளில் பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில்தான் இன்னும் வேலை நடக்கிறது. அந்த உரையை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல் வரும், முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும்.

எழுத்து உடையாமல் வந்த பிறகு இடைவெளி. ஆங்கிலத்தில் 10 புள்ளி எழுத்துக்கு 12 புள்ளி வரி இடைவெளி போதும், மென்பொருளும் அதைத்தான் தானாகத் தரும். தமிழில் ‘மு’, ‘ழு’ கீழே இறங்கும், ‘கி’, ‘மீ’ மேலே சுழியும். 120 சதவீதத்தில் மேல்வரியின் ‘மு’ வாலும் கீழ்வரியின் ‘கி’ சுழியும் முட்டிக்கொள்ளும். 140இலிருந்து 150 சதவீதம் வையுங்கள். தலைப்பில் எழுத்துகளைப் பரவலாக விரிப்பது ஆங்கிலத்தில் நாகரிகம். தமிழில் அப்படி விரித்தால் ‘கொ’வின் கால் தனியே விலகி, சில எழுத்துருக்களில் ‘கெர’ என்று வாசிக்கும்படி ஆகும். துணைக்காலும் ரகரமும் ஒரேபோல் இருக்கும் எழுத்துருவைத் தவிர்ப்பது நல்லது.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், பாலூ தம்பி, அரிமா ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிகப் பணிக்கும் பயன்படுத்தலாம். தமிழ் எழுத்தை நன்றாகக் கையாளும் வடிவமைப்பாளர்கள் குறைவு. நம் ஊர் மாணவர் மற்றவரை முந்தக்கூடிய இடம் இது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும்போது எதெல்லாம் தவறுகிறது?

சிவகாசியோ திருவல்லிக்கேணியோ, அச்சகத்தில் கேட்கும் குறைகள் ஒன்றுதான்.

வண்ணம்: திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஆரஞ்சும் நான்கு மை அச்சில் வராது. தொடக்கத்திலேயே சிஎம்ஒய்கே (சயான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு) முறையில் வேலை செய்தால் கடைசியில் அதிர்ச்சி இல்லை. நீலம் வேண்டுமென்று சயான் 100, மஜெண்டா 100 வைத்தால் கத்திரிப்பூ நிறம்தான் வரும், மஜெண்டாவை 70க்குக் கீழே இறக்குங்கள்.

கறுப்பு: திரைக்கான ஆர்ஜிபி நிற முறையில் வைத்த கறுப்பு எழுத்து, மாற்றும்போது நான்கு மையிலும் பிரிந்துவிடும். அச்சுத்தகடு மயிரிழை நகர்ந்தாலும் சிறிய எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாடும். உரை எப்போதும் கறுப்பு மை 100 மட்டும், மற்ற மூன்றும் பூஜ்யம்.

ஓரம்: பின்னணி நிறம் தாளின் விளிம்புவரை போகிறதென்றால் நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக நீட்டுங்கள். இல்லாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். எழுத்தை விளிம்பிலிருந்து 5 மி.மீ.யாவது உள்ளே வையுங்கள்.

மடிப்பு: ஏ4 மூன்று மடிப்புத் துண்டறிக்கையை 99, 99, 99 மி.மீ. என்று சமமாகப் பிரிப்பது எல்லாரும் செய்யும் தவறு. உள்ளே மடியும் பக்கம் 97, மற்ற இரண்டும் 100. அந்த 3 மி.மீ. குறைவு இல்லையென்றால் உள்பக்கம் முட்டிக்கொண்டு தாள் உப்பும்.

படங்கள் அச்சளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி). வாட்ஸ்அப்பில் வந்த லோகோவைப் பெரிதாக்கிப் போட வேண்டாம், மறுபடி வரைந்துவிடுங்கள், அரை மணி நேர வேலை. ஃபிளெக்ஸுக்கு 100 டிபிஐ தாராளம், அதைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள்.

விடுமுறையில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் இரண்டு வாரம் நின்று பாருங்கள். காசு தராவிட்டாலும் பரவாயில்லை, இது ஒன்றுக்கு மட்டும்.

போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளின் தொகுப்பில்) எத்தனை வேலை வைக்கலாம்?

எட்டிலிருந்து பத்து. நான்கு ஆண்டு வேலை அனைத்தையும் அடுக்கினால், பார்ப்பவர் நினைவில் நிற்பது அதிலுள்ள மோசமான ஒன்றுதான். சிறந்ததை முதலிலும் அடுத்த சிறந்ததைக் கடைசியிலும் வையுங்கள். பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும்.

மூன்று வேலைகளுக்காவது அது உருவான வழியைக் காட்டுங்கள். ஒரு கடலைமிட்டாய் உறை செய்தீர்கள் என்றால், கடையில் பக்கத்தில் தொங்கிய மற்ற உறைகளின் புகைப்படம், கைவரைவுகள், தள்ளிய இரண்டு வடிவங்கள், ஏன் தள்ளினீர்கள் என்று இரண்டு வரி, கடைசியில் முடிந்த உறை. நேர்காணலில் கேள்வி வருவது தள்ளியதைப் பற்றித்தான். இணையத்தில் பார்த்ததைச் சற்றே மாற்றி வைப்பது வேண்டாம், எதிரே இருப்பவரும் அதே பக்கங்களைத்தான் தினமும் பார்க்கிறார். பென்சில் உருவப்படங்கள் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். சினிமா நடிகரின் முகம் ஒன்றுகூட வேண்டாம்.

மென்பொருள் நிறுவனத்தில் யூஎக்ஸ் (பயனாளர் அனுபவ வடிவமைப்பு) வேலைக்குப் போக முடியுமா?

முடியும், பலர் போயிருக்கிறார்கள். ஆனால் போஸ்டர் நிறைந்த போர்ட்ஃபோலியோவோடு போனால் அழைப்பு வராது. செயலித் திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா மென்பொருளை மாணவர் கணக்கில் இலவசமாகப் பழகலாம். உண்மையான சிக்கல் ஒன்றை எடுங்கள், உதாரணமாக ரேஷன் கடையில் இன்று என்ன பொருள் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. ஐந்து பேரிடம் பேசி, தாளில் திரைகளை வரைந்து, அவர்களையே தொட்டுப் பார்க்கச் சொல்லி, எங்கே விரல் தயங்கியது என்று குறித்து, திருத்துங்கள். ஐந்து பேரில் ஒருவராவது கண்ணாடி போட்ட வயதானவராக இருக்கட்டும்.

படிக்கும்போதே வெளிவேலை எடுக்கலாமா? உரிமை யாருடையது?

எடுக்கலாம். பேசிய தொகையில் பாதி முன்பணம், இத்தனை திருத்தம்தான் என்ற எண்ணிக்கை, மூலக்கோப்பு தருவீர்களா இல்லையா, இந்த மூன்றையும் வேலை தொடங்குமுன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. சண்டை வருவது பெரும்பாலும் பத்தாவது திருத்தத்தில்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இருந்து அலுவலகப் பணியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் வெளியாளாக இருந்து உரிமையை எழுதிக்கொடுத்தால், அதில் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். லோகோ போன்றவற்றுக்கு வாடிக்கையாளர் நிரந்தர உரிமை கேட்பது நியாயமே, அதற்கேற்ற விலையைச் சொல்லுங்கள்.

பி.எஃப்.ஏ. முடித்து ஐஐடியில் எம்.டெஸ். (வடிவமைப்பு முதுகலை) படிக்கலாமா?

படிக்கலாம், சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். வயது வரம்பும் முயற்சிக்கு எண்ணிக்கையும் இல்லை, மதிப்பெண் ஓர் ஆண்டுக்குச் செல்லும். வரைதல் பகுதி கவின்கலை மாணவர்களுக்குக் கை கொடுக்கும். இடறுவது முதல் பகுதியில், அங்கே கனசதுரத்தை மடிப்பது, பல்சக்கரம் எந்தப் பக்கம் சுழலும் என்பது போன்ற கணக்குகள். மூன்றாம் ஆண்டிலிருந்தே பழைய வினாத்தாள்களைப் போடுங்கள்.

ஏஐ படம் போட்டுத் தருகிறதே, இனி இந்தப் படிப்பு எதற்கு?

பின்னணிப் படம், முதல் யோசனைகள், மாதிரிப் புகைப்படம் ஆகியவற்றுக்கு அதை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், நீங்களும் பழகுங்கள். அது தந்த போஸ்டரில் தமிழ்த் தலைப்பு இருந்தால் மட்டும், அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துக் கூட்டி வாசித்துப் பாருங்கள். ‘திருமண விழா’வில் ழகரத்தின் வால் இருக்கிறதா என்று.